எக்ஸெல் பூட்டுகள்: சம்பளக் கோப்பு வைத்திருப்பவரின் விமர்சனம்

அலுவலகத்தில் சம்பளக் கணக்கு என் பொறுப்பு. அடிப்படைச் சம்பளம், பிடித்தங்கள், யார் எவ்வளவு முன்பணம் வாங்கியிருக்கிறார் என்பது வரை எல்லாம் ஒரு எக்ஸெல் ஒர்க்புக்கில், அதாவது பல ஷீட்டுகள் சேர்ந்த ஒரே கோப்பில், இருக்கின்றன. அதைத் திறக்க உரிமை உள்ளவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். திறக்க ஆசை உள்ளவர்கள் மீதிப் பேர் அத்தனை பேரும். இப்படி ஒரு கோப்பைக் கையில் வைத்திருப்பவருக்கு எக்ஸெல் தரும் பாதுகாப்பு வசதிகள் எந்த அளவுக்குக் கைகொடுக்கும் என்று பார்ப்போம். நட்சத்திரம் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் ஐந்துக்கு மூன்று. அந்த இரண்டு நட்சத்திரம் எங்கே போனது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

முதல் நட்சத்திரம் மெனுவிலேயே போய்விடுகிறது. ஃபைல், இன்ஃபோ, அப்புறம் ப்ரொடெக்ட் ஒர்க்புக். அந்தப் பொத்தானை அழுத்தினால் ஏழு வாய்ப்புகள் வரிசையாக இறங்குகின்றன: ஆல்வேஸ் ஓபன் ரீட் ஒன்லி, என்கிரிப்ட் வித் பாஸ்வேர்டு, ப்ரொடெக்ட் கரன்ட் ஷீட், ப்ரொடெக்ட் ஒர்க்புக் ஸ்ட்ரக்சர், ரெஸ்ட்ரிக்ட் ஆக்சஸ், ஆட் எ டிஜிட்டல் சிக்னேச்சர், மார்க் ஆஸ் ஃபைனல். வாங்கிய உரிமத்தைப் பொறுத்து ஒன்றிரண்டு மாறலாம். ஏழுக்கும் ஒரே அளவு எழுத்து, பக்கத்தில் ஒரு சின்னப் படம். பார்ப்பவருக்கு ஏழும் ஒரே வேலையை வெவ்வேறு அளவில் செய்வதாகத்தான் தோன்றும். உண்மையில் இவற்றில் வேண்டாதவர் கண்ணில் உள்ளடக்கம் படாமல் தடுப்பவை இரண்டே: என்கிரிப்ட் வித் பாஸ்வேர்டு, ரெஸ்ட்ரிக்ட் ஆக்சஸ். மற்றவை கைதவறி நடக்கும் மாற்றங்களைத் தடுப்பதற்கும், யார் கையெழுத்திட்டார் என்று காட்டுவதற்கும் உள்ளவை. இந்த வித்தியாசத்தை அந்த மெனு எங்கேயும் சொல்வதில்லை.

மார்க் ஆஸ் ஃபைனல் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மேலே ஒரு மஞ்சள் பட்டை வரும், அதிலேயே ‘எடிட் எனிவே’ என்று ஒரு பொத்தானும் இருக்கும். அறைக் கதவில் ‘உள்ளே வராதீர்கள்’ என்று எழுதி, சாவியையும் அதே ஆணியில் மாட்டி வைப்பது போல. படிக்க மட்டும் என்ற முதல் வாய்ப்பும் அதே ரகம்தான். திறக்கும்போது ஒரு கேள்வி கேட்கும், வேண்டாம் என்றால் விட்டுவிடும்.

ஷீட் பாதுகாப்பு வேறு கதை. அலுவலகங்களில் அதிகம் பயன்படுவதும், அதிகம் தவறாக நம்பப்படுவதும் இதுதான். ரிவ்யூ தாவலுக்குப் போய், ப்ரொடெக்ட் ஷீட் அழுத்தி, ஒரு பாஸ்வேர்டு கொடுத்ததும் செல்கள் இறுகிவிடும். யாராவது தட்டச்சு செய்யப் போனால் எச்சரிக்கைப் பெட்டி எழும். பார்க்கப் பலமாகத்தான் இருக்கிறது.

ஆனால் இன்றைய எக்ஸெல் வடிவமான எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பு என்பது அடிப்படையில் ஒரு ஜிப் பொட்டலம். உள்ளே ஒவ்வொரு ஷீட்டுக்கும் தனித்தனியாக ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு, அதாவது சாதாரண எழுத்தாகவே படிக்கக்கூடிய கோப்பு, இருக்கும். ஷீட் பாதுகாப்பு என்பது அந்த எக்ஸ்எம்எல்லில் சேர்க்கப்படும் ஒற்றை வரி. அந்த வரியை எடுத்துவிட்டால் பாதுகாப்பும் போய்விடும், பாஸ்வேர்டைக் கண்டுபிடிக்க வேண்டிய தேவையே வராது. நோட்பேட் திறக்கத் தெரிந்தவருக்கு இது ஒரு தேநீர் இடைவேளை வேலை. வேடிக்கை என்னவென்றால், எக்ஸெல் 2013 முதல் அந்த ஒற்றை வரியில் பாஸ்வேர்டை எஸ்ஹெச்ஏ-512 என்ற, திருப்பிப் படிக்க முடியாத முறையில், 1,00,000 சுற்று கலக்கித்தான் சேமிக்கிறார்கள். பாஸ்வேர்டைக் காக்க இவ்வளவு கவனம். அந்த வரியையே அழிப்பதைத் தடுக்க ஒன்றும் இல்லை.

2013-க்கு முந்தைய பதிப்புகளில் அந்தக் கவனமும் கிடையாது. பாஸ்வேர்டு வெறும் 16 பிட் எண்ணாகச் சுருக்கப்பட்டது. நீங்கள் வைத்தது எவ்வளவு நீளமாக இருந்தாலும், அதே எண்ணைத் தரும் வேறு குட்டிப் பாஸ்வேர்டு ஒன்று எங்கோ இருக்கும், அதுவும் பூட்டைத் திறக்கும். இதற்கென்றே ஒரு மேக்ரோ (எக்ஸெலுக்குள் ஓடும் சிறு நிரல்) பல வருடங்களாகக் கைமாறிக்கொண்டிருக்கிறது. 1,94,560 சேர்க்கைகளை வரிசையாகப் போட்டுப் பார்த்து, பொருந்துவது ஒன்றைக் கண்டுபிடித்துக் கையில் கொடுத்துவிடும். பழைய கோப்புகளை இன்னும் அப்படியே வைத்திருக்கும் கணக்குப் பிரிவுகள் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

எக்ஸ்எம்எல், மேக்ரோ எதுவும் தெரியாதவருக்கும் வழி உண்டு. ஷீட் முழுவதையும் தேர்ந்தெடுத்து நகலெடுத்து, புது ஒர்க்புக்கில் ஒட்டினால் எண்கள் அத்தனையும் அங்கே வந்துவிடும், பாதுகாப்பு கூடவே வராது. தேர்ந்தெடுப்பதையே தடுத்து வைத்தால்? வேறொரு ஒர்க்புக்கிலிருந்து அந்த செல்லைச் சுட்டி ஒரு ஃபார்முலா எழுதினால் போதும், மதிப்பு வந்து நிற்கும். இதையெல்லாம் நான் ஏதோ ரகசியமாகப் போட்டு உடைக்கவில்லை. ஷீட் பாதுகாப்பு ஒரு பாதுகாப்பு அம்சமாக உருவாக்கப்பட்டது அல்ல என்று மைக்ரோசாஃப்ட்டின் உதவிப் பக்கமே வெளிப்படையாகச் சொல்கிறது. என்ன, அந்த வாசகம் உதவிப் பக்கத்தில் இருக்கிறது, பொத்தானுக்குப் பக்கத்தில் இல்லை.

சரி, அப்படியானால் ஷீட் பாதுகாப்பு வீணா? என் வேலையில் அது இல்லாமல் ஒரு மாதம்கூட ஓடாது. பிரிவுத் தலைவர்கள் வருகைப் பதிவை நிரப்பி அனுப்பும் படிவம் ஒன்று இருக்கிறது. அதில் மிகைநேரத்தைக் கணக்கிடும் ஃபார்முலாக்களை யாரும் தெரியாமல் அழித்துவிடக்கூடாது. நிரப்ப வேண்டிய செல்களை மட்டும் திறந்துவிட்டு மற்றதை இறுக்கினால் பிழையில்லாமல் திரும்பி வருகிறது. இந்த வேலைக்கு ஷீட் பாதுகாப்பு அருமையான கருவி. பாஸ்வேர்டுகூட வைக்கத் தேவையில்லை, நான் வைப்பதில்லை.

பயன்படுத்தும்போது சில எரிச்சல்கள் உண்டு. எல்லா செல்லும் பிறக்கும்போதே ‘லாக்டு’ என்ற குறியோடுதான் பிறக்கின்றன. அதனால் முதலில் ஃபார்மட் செல்ஸ் போய், நிரப்ப வேண்டியவற்றிலிருந்து அந்தக் குறியை எடுத்த பிறகுதான் ஷீட்டைப் பூட்ட வேண்டும். வரிசையை மாற்றிச் செய்தால் எதிலுமே எழுத முடியாது. அப்புறம் ‘சார்ட்’, அதாவது வரிசைப்படுத்தும் அனுமதி. பெட்டியில் அதற்கு எதிரே டிக் போட்டாலும், வரிசைப்படுத்தும் பகுதியில் பூட்டிய செல் ஒன்று இருந்தாலும் வேலை செய்யாது. “மேடம், நீங்க அனுமதி கொடுத்திருக்கேன்னு சொன்னீங்க, வரிசை மாற மாட்டேங்குதே” என்று யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள், அவர்கள் மேல் தப்பில்லை. டேபிளாக அமைத்த பகுதி பாதுகாப்புக்குள் தானாக நீளாது. குழுவாக்கிய வரிசைகளை விரிக்கும் கூட்டல் குறியும் வேலை செய்யாது. பன்னிரண்டு மாத ஷீட்டுகளையும் ஒரே அடியில் பூட்டலாம் என்று சேர்த்துத் தேர்ந்தெடுத்தால் அந்தப் பொத்தானே மங்கிவிடும். ஒவ்வொன்றாகப் பூட்ட வேண்டும், அல்லது மேக்ரோ எழுத வேண்டும்.

ஒர்க்புக் ஸ்ட்ரக்சர் பாதுகாப்பும் இதே குடும்பம். ஷீட்டைச் சேர்ப்பது, அழிப்பது, பெயர் மாற்றுவது, மறைத்ததை வெளியே எடுப்பது ஆகியவற்றைத் தடுக்கும். இதுவும் எக்ஸ்எம்எல்லில் ஒரு வரிதான். பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் இன்னும் விநோதம். திறக்கும் பாஸ்வேர்டு இல்லாமல் ஸ்ட்ரக்சரை மட்டும் பூட்டினால், எக்ஸெல் ‘வெல்வெட்ஸ்வெட்ஷாப்’ என்ற தன் நிரந்தரப் பாஸ்வேர்டால் கோப்பை மறையாக்கிக்கொள்ளும் (பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாதபடி உருமாற்றிக்கொள்ளும்), திறக்கும்போது தானே அதைப் போட்டுத் திறந்தும் கொள்ளும். உலகம் முழுக்க ஒரே சாவி. தீம்பொருள் எழுதுபவர்கள் இதைப் பயன்படுத்தி, வைரஸ் தடுப்பு மென்பொருளின் கண்ணில் மண்ணைத் தூவியிருக்கிறார்கள்.

மறைத்த ஷீட்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் ‘அந்த ஷீட்டை ஹைட் பண்ணிட்டு அனுப்பிடுங்க’ என்பது அலுவலகங்களில் தினமும் கேட்கும் வாசகம். 2023 ஆகஸ்ட் 8 அன்று வட அயர்லாந்துக் காவல்துறை, தகவல் அறியும் கோரிக்கை ஒன்றுக்குப் பதிலாக ஒரு எக்ஸெல் கோப்பை இணையத்தில் வெளியிட்டது. கேட்டது எண்ணிக்கை விவரம் மட்டும். ஆனால் கோப்புக்குள் யாரும் கவனிக்காத மறைந்த ஷீட் ஒன்று இருந்தது. அதில் அதிகாரிகளும் ஊழியர்களுமாக 9,483 பேரின் குடும்பப் பெயர், பெயரின் முதலெழுத்து, பதவி, பணியிடம், பிரிவு எல்லாம் இருந்தன. காவலர்கள் தங்கள் வேலையை அக்கம்பக்கத்தாரிடம்கூட மறைத்து வாழும் ஊர் அது. பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2024-ல் 7,50,000 பவுண்டு அபராதம் விதித்தது. மறைப்பது என்பது திரையிலிருந்து எடுப்பது மட்டுமே, கோப்பில் அது அப்படியே இருக்கும். மேக்ரோ மூலம் ‘வெரி ஹிட்டன்’ ஆக்கினால் அன்ஹைட் பட்டியலில்கூடப் பெயர் வராது, ஆனாலும் எண்கள் உள்ளேயேதான்.

இதைவிட நயவஞ்சகமானது பிவட் டேபிள், அதாவது நீண்ட பட்டியலைத் தொகுத்துக் கூட்டிக் காட்டும் அட்டவணை. மூல ஷீட்டை அழித்துவிட்டு, பிரிவுவாரிக் கூட்டுத்தொகை காட்டும் பிவட்டை மட்டும் அனுப்புகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிவட் தன் மூலத் தரவின் நகலைக் கோப்புக்குள்ளேயே சேமித்து வைத்திருக்கும். பெறுபவர் கூட்டுத்தொகையின் மேல் இரண்டு முறை சொடுக்கினால் ஆள்வாரிப் பட்டியல் புது ஷீட்டில் விரியும். வெளியே போகும் எந்தக் கோப்பிலும் எண்களை மதிப்பாக மட்டும் புது ஒர்க்புக்கில் ஒட்டி அனுப்புவது என் வழக்கம். அனுப்பும் முன் இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட்டை ஓட்டினால் மறைந்த ஷீட், மறைந்த வரிசை, எழுதியவர் பெயர் எல்லாம் எங்கெங்கே இருக்கின்றன என்று காட்டும். இன்ஃபோ பக்கத்தில் பாதுகாப்புப் பொத்தானுக்குக் கீழேயே ‘செக் ஃபார் இஷ்யூஸ்’ என்ற பெயரில் இது இருக்கிறது. எக்ஸெலில் நான் மனமாரப் பாராட்டும் வசதி இது, ஆனால் பலருக்கு இருப்பதே தெரியாது.

இனி உண்மையான பூட்டு: என்கிரிப்ட் வித் பாஸ்வேர்டு. இதை இயக்கியதும் கோப்பின் தன்மையே மாறிவிடும். ஜிப்பாகத் திறந்து பார்க்க முடியாது, எக்ஸ்எம்எல் வரியைத் தேடினால் குப்பைதான் கிடைக்கும். எக்ஸெல் 2007-ல் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வந்ததிலிருந்து மறையாக்கம் ஏஇஎஸ் என்ற வலுவான முறையில் நடக்கிறது, இப்போதைய பதிப்புகளில் 256 பிட். அதற்கு முந்தைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் வழக்கமாக இருந்தது 40 பிட் ஆர்சி4 என்ற பலவீனமான முறை. இன்றைய கணினிக்கு அது ஒரு பொருட்டே இல்லை, பாஸ்வேர்டும் 15 எழுத்துக்கு மேல் போகாது. எங்கள் பகிர்வுக் கோப்புறையில் எக்ஸ்எல்எஸ் என்று முடியும் பழைய சம்பளக் கோப்பு எது கண்ணில் பட்டாலும் உடனே புது வடிவத்துக்கு மாற்றி மறையாக்கிவிடுவேன்.

பூட்டு நல்லதுதான், இனி எல்லாம் நாம் வைக்கும் பாஸ்வேர்டைப் பொறுத்தது. ஹேஷ்கேட், ஜான் தி ரிப்பர் போன்ற மென்பொருள்கள் ஆஃபீஸ் கோப்புகளின் பாஸ்வேர்டை ஊகித்துப் பார்க்கத் தனி வசதியே வைத்திருக்கின்றன. பாஸ்வேர்டைக் கலக்கும் சுற்றுகள் இங்கேயும் அதிகம் என்பதால் ஒவ்வொரு ஊகத்துக்கும் கொஞ்சம் நேரம் பிடிக்கும், அது நமக்குச் சாதகம். ஆனால் நிறுவனத்தின் பெயரும் நடப்பு ஆண்டும் சேர்ந்த பாஸ்வேர்டுக்கு அந்தச் சாதகம் உதவாது. அதைப் பக்கத்து மேசைக்காரரே மூன்றாவது முயற்சியில் ஊகித்துவிடுவார். தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்து நீளமாக வையுங்கள். எக்ஸெல் 255 எழுத்து வரை ஏற்கும், கஞ்சத்தனம் வேண்டாம்.

சேவ் ஆஸ் பெட்டியில் டூல்ஸ், ஜெனரல் ஆப்ஷன்ஸ் என்று போனால் இரண்டு பாஸ்வேர்டு கட்டங்கள் தெரியும்: திறப்பதற்கு ஒன்று, மாற்றுவதற்கு ஒன்று. மேலே உள்ளதுதான் மறையாக்கம். கீழே உள்ளதை மட்டும் நிரப்பினால் கோப்பு மறையாவதில்லை, யாரும் படிக்கலாம், வேறு பெயரில் சேமித்து மாற்றவும் செய்யலாம். ‘நான் பாஸ்வேர்டு போட்டுத்தானே அனுப்பினேன்’ என்று ஒருவர் அடித்துச் சொன்னால் முதலில் எந்தக் கட்டத்தில் என்று கேட்க வேண்டும்.

மறையாக்கத்துக்கு விலை உண்டு. ஒரே நேரத்தில் பலர் சேர்ந்து திருத்துவது நின்றுவிடும், ஆட்டோசேவும் அணைந்துவிடும். வேறு கோப்புகளின் தரவைச் சேர்க்கும் பவர் குவெரி கொண்டு அந்தக் கோப்பிலிருந்து தரவை இழுக்க முடியாது. பாஸ்வேர்டு தொலைந்தால் மைக்ரோசாஃப்டாலும் மீட்டுத் தர முடியாது. இதற்கு ஒரு விதிவிலக்கு, டாக்ரீகிரிப்ட் என்ற கருவி. நிறுவனத்தின் கணினி நிர்வாகி அதற்கான சான்றிதழை முன்கூட்டியே கணினிகளில் நிறுவியிருந்தால், அதற்குப் பிறகு பூட்டிய கோப்புகளைத் திறந்து பாஸ்வேர்டை மாற்றலாம். முன்பே பூட்டியவற்றுக்கு அது உதவாது. எனவே நிர்வாகியிடம் இன்றே கேட்க வேண்டிய கேள்வி இது. பாஸ்வேர்டை நிறுவனத்தின் பாஸ்வேர்டு மேனேஜரில் வைத்து, அவசரத்துக்கு இன்னொரு பொறுப்பாளரும் அணுகும்படி செய்வது எங்கள் ஏற்பாடு. தொலைந்த பாஸ்வேர்டை எடுத்துத் தருவதாகச் சொல்லும் இணையதளங்களில் சம்பளக் கோப்பை ஏற்றுவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

இரண்டாவது நட்சத்திரம் போனது இங்கேதான்: திறக்கும் எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு. யார் திறந்தார், எப்போது திறந்தார் என்று எந்தப் பதிவும் இல்லை. உள்ளே வந்தவர் பாஸ்வேர்டை நீக்கி இன்னொரு நகல் சேமித்துக்கொள்ளலாம். பாஸ்வேர்டு தெரிந்த ஒருவர் வேலையை விட்டுப் போனால் நான் அதை மாற்றுகிறேன், ஆனால் அவரிடம் ஏற்கெனவே உள்ள நகல் பழைய பாஸ்வேர்டிலேயே திறக்கும். மறையாக்கம் கோப்பை அழிப்பதையும் தடுக்காது. கோப்புறையில் எழுதும் உரிமை உள்ளவர் பாஸ்வேர்டே தெரியாமல் கோப்பைத் தூக்கிப் போடலாம். ஆகவே கோப்புறை உரிமைகளைச் சரிசெய்யாமல் ஒர்க்புக்கை மட்டும் பூட்டுவது பாதி வேலை.

ஆளுக்கு ஆள் வேறுபடும் உரிமை வேண்டுமென்றால் ரெஸ்ட்ரிக்ட் ஆக்சஸ், அல்லது நிர்வாகி அமைத்துத் தரும் சென்சிடிவிட்டி லேபிள் (கோப்பின் ரகசிய அளவைக் குறிக்கும் முத்திரை). இங்கே சாவி பாஸ்வேர்டு இல்லை, அவரவர் அலுவலகக் கணக்கு. இவர் படிக்கலாம், அவர் திருத்தலாம், இன்னார் அச்சிடவோ நகலெடுக்கவோ கூடாது, இந்தத் தேதிக்குப் பிறகு திறக்காது என்றெல்லாம் விதிக்கலாம். கோப்பு மின்னஞ்சலில் வெளியே போனாலும் விதியும் கூடவே போகும். வேலையை விட்டவரின் கணக்கை மூடியதும் அவருக்கு இந்தக் கதவும் மூடும். சம்பளக் கோப்புக்கு உண்மையில் பொருத்தமானது இதுதான். ஆனால் எல்லா உரிமத்திலும் இது வராது, நிர்வாகியின் உழைப்பும் வேண்டும். திரையைக் கைபேசியில் படம் பிடிப்பவரை இதுவும் ஒன்றும் செய்யாது.

கூகுள் ஷீட்ஸுக்கு மாறலாமே என்பார்கள். அங்கே உரிமை ஆள்வாரியாக இருப்பது நல்ல விஷயம். ஆனால் ‘ப்ரொடெக்ட் ஷீட்ஸ் அண்ட் ரேஞ்சஸ்’ பாதுகாப்பு நடவடிக்கை இல்லை என்று கூகுளின் உதவிப் பக்கமும் சொல்கிறது. பார்க்க மட்டும் உரிமை பெற்றவரும் நகல் எடுத்து, மறைந்த ஷீட்டை அந்த நகலில் விரித்துப் பார்க்கலாம். பகிர்வு அமைப்பில் போய்ப் பதிவிறக்கம், அச்சு, நகல் ஆகியவற்றை நாமாக அணைக்க வேண்டும். வேறொரு கோப்பிலிருந்து தரவை இழுக்கும் இம்போர்ட்ரேஞ்ச் ஃபார்முலாவில் இன்னொரு சிக்கல். ஒரு மூலக் கோப்புக்கு ஒருமுறை அனுமதி கொடுத்துவிட்டால், பெறும் கோப்பில் திருத்தும் உரிமை உள்ள எவரும் அந்த மூலத்தின் எந்தப் பகுதியையும் இழுக்கலாம். நாம் கொடுக்க நினைத்தது ஒரு நெடுவரிசைதான் என்பது அதற்குத் தெரியாது.

மைக்ரோசாஃப்ட்டின் அடுத்த பதிப்புக்கு எனக்கு ஒரே கோரிக்கை: ஒர்க்புக்குக்குள் ஒரு ஷீட்டை மட்டும் தனிப் பாஸ்வேர்டில் மறையாக்கும் வசதி. இன்று அது இல்லை. மறையாக்கினால் முழு ஒர்க்புக்கும், இல்லாவிட்டால் எதுவுமில்லை. அதனால் நான் சம்பளத்தை மூன்று கோப்பாகப் பிரித்துவிட்டேன். பிரிவுத் தலைவர்களுக்குப் போகும் வருகைப் படிவத்தில் ஷீட் பாதுகாப்பு மட்டும், பாஸ்வேர்டு இல்லை. மேலாளர்களுக்குப் போகும் மாதச் சுருக்கத்தில் ஒட்டிய மதிப்புகள் மட்டும், பிவட் இல்லை. ஆள்வாரி எண்கள் உள்ள மூன்றாவது கோப்பு மறையாக்கத்தோடு, நான்கு பேர் மட்டும் நுழையக்கூடிய கோப்புறையில் இருக்கிறது. அதை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லி யார் கேட்டாலும் கோப்புறைக்கு வந்து பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுகிறேன். அங்கே நுழைய முடியவில்லை என்று சொல்பவர்களை மனிதவளத் தலைவரிடம் அனுப்பிவிடுவேன்.